லயன் வீட்டுப் பிள்ளைகளும் லயன் கிங்கும்

எங்கள் மலையில் 'லயன்' என்றால் சிங்கமல்ல. எஸ்டேட்டுக்காரன் வரிசையாகக் கட்டிப்போட்ட வீடு. நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். வெள்ளைக்காரன் சொன்ன 'லைன்' நம்ம சனங்க வாயில் லயன் ஆனது. பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் காப்பி எங்கெல்லாம் விளைகிறதோ அங்கெல்லாம் இந்த லயனும் உண்டு. அதற்குள் யார் இருப்பார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காப்பிப் பழம் பறித்த கை, மிளகுக் கொடி ஏறிய கால், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வாழ்க்கை.

அந்த லயன் வீட்டுப் பிள்ளைகள் இன்று விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ கேமின் பெயரும் லயன்தான். 'தி லயன் கிங்'. இந்த இரண்டு லயன்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

டிஸ்னி நிறுவனத்தின் 'தி லயன் கிங்' என்ற கார்ட்டூன் படம் 1994 ஜூனில் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அதைப் பத்துக் கட்டங்கள் கொண்ட கேமாக ஆக்கிச் சந்தையில் இறக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் இருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் தயாரித்தது. விர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. 2019இல் இன்றைய கருவிகளுக்கு ஏற்ற மாதிரி மறுபடியும் வெளியிட்டார்கள். அது கடைக்கு வரும் வழி. நம்ம வீட்டுக்கு வரும் வழி வேறு. என் தலைமுறைக்கு அது பர்மா பஜார் சரக்காக வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு யாரோ பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். என் அக்கா மகன் அப்படித்தான், ஒரு பழைய லேப்டாப்பில் விளையாடிக்கிட்டிருக்கிறான்.

நல்ல விளையாட்டு. அதை மறைத்துப் பேசமாட்டேன். சிங்கக்குட்டி சிம்பா குதிக்கும், உருளும், குட்டிக் கர்ஜனை செய்யும். டிஸ்னி ஓவியர்களின் கைவண்ணம் ஒவ்வொரு அசைவிலும் தெரியும். இரண்டாவது கட்டத்தில் குரங்குகள் குட்டியைத் தூக்கித் தூக்கி எறியும். அதைத் தாண்ட முடியாமல் உலகம் பூராவும் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவன் ஓரிரு நாளில் முடித்துவிட்டால் யார் விலைக்கு வாங்குவார்கள் என்றுதான் அவ்வளவு கடினமாக்கினோம் என்று வெஸ்ட்வுட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காசில் பின்னாளில் சொன்னார். பிள்ளையின் கண்ணீருக்குக்கூட வியாபாரக் கணக்கு உண்டு. ஆனால் என் வழக்கு அதுவல்ல. வழக்கு கதையோடுதான்.

கதையை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். ஒரு குட்டி பிறக்கிறது. உடனே காட்டு மிருகமெல்லாம் வந்து மண்டியிடுகின்றன. மானும் வரிக்குதிரையும் குனிகின்றன. எதற்கு? நாளைக்குத் தங்களைத் தின்னப்போகிறவன் பிறந்திருக்கிறான் என்பதற்காக. அந்தக் குட்டி எதையும் சாதிக்கவில்லை, பிறந்தது ஒன்றே அதன் தகுதி. நாங்கள் மானைத் தின்கிறோம், செத்தால் புல்லாகிறோம், அந்தப் புல்லை மான் தின்கிறது, ஆகவே எல்லாம் ஒரே வட்டம் என்று அப்பா சிங்கம் மகனுக்கு விளக்கம் சொல்கிறது. மானிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கடனை இன்றைக்கே வாங்கிக்கொள்வேன், தவணை முழுக்க நான் செத்த பிறகுதான் என்றால் எந்த வங்கி ஒத்துக்கொள்ளும்? ஆனால் இந்த நாட்டில் இரண்டாயிரம் வருடமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கர்மம் என்று பெயர்.

அடுத்து, எல்லை. வெளிச்சம் படுகிற இடமெல்லாம் நம் ராஜ்ஜியம், அதோ அந்த நிழல் விழும் இடத்துக்கு மட்டும் போகாதே என்று அப்பா மகனுக்குக் காட்டுகிறார். நிழலில் என்ன இருக்கிறது? யானைகளின் எலும்புக்காடு. அங்கே யார் இருக்கிறார்கள்? கழுதைப்புலிகள். பசியோடு, சிரித்துக்கொண்டு, அழுக்காக. தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் இந்த வரைபடத்தை விளக்க வேண்டாம். ஊர் இந்தப் பக்கம், சேரி அந்தப் பக்கம், நடுவே சுடுகாடு.

அமெரிக்காவிலும் இதைக் கவனித்தார்கள். கழுதைப்புலிகளில் முக்கியமான இரண்டுக்குக் குரல் கொடுத்தவர்கள் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க், மெக்சிக வம்சாவளி நடிகர் சீச் மாரின். நகரத்துக் கறுப்பர், லத்தீன் அமெரிக்கர் சேரிகளின் பேச்சை எலும்புக்காட்டில் வைத்தீர்களே என்று அன்றே விமர்சனம் எழுந்தது. ராஜா சிங்கத்துக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் கறுப்பர்தானே என்று பதில் வந்தது. உண்மைதான். ஆனால் ராஜா பேசுவது அரண்மனை மொழி, கழுதைப்புலி பேசுவது தெரு மொழி. எந்த மொழி எங்கே குடியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

படம் பார்க்கிறவனுக்குக் கண் மட்டும்தான் வேலை. கேமில் கையும் சேர்கிறது. மூன்றாவது கட்டம் அந்த எலும்புக்காடுதான். கழுதைப்புலி பாயும், பாய்ந்து பாய்ந்து மூச்சு வாங்கும். அது இளைத்து நிற்கும் நேரம் பார்த்து அதன் மேல் குதித்துக் கொல்ல வேண்டும். சிம்பா வளர்ந்த பிறகு நகத்தால் கிழிக்கலாம், தூக்கி எறியலாம். கடைசியில் சித்தப்பன் ஸ்காரைப் பாறையிலிருந்து கீழே தள்ளினால் ராஜ்ஜியம் உனக்கு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கழுதைப்புலியோடு பேச முடியாது. அப்படி ஒரு பொத்தானே வைக்கவில்லை.

"மாமா, இதுல கழுதைப்புலியா வெளையாட முடியாதா?" என்று அக்கா மகன் கேட்டான்.

"முடியாதுடா."

"ஏன்?"

அவன் எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் படித்தவனல்ல. சிங்கமாகவே ஆடி ஆடி அலுத்துப்போய்க் கேட்டானோ, என்னவோ. ஆனால் நான் முப்பது பக்கம் எழுதினாலும் அந்த 'ஏன்'னைத் தாண்டிப் போகப்போவதில்லை.

"சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு, அதுல போய் சாதி பார்க்கிறீங்களே" என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையின் பிற்பகுதியை ஞாபகப்படுத்துகிறேன். ஸ்கார் பதவிக்கு வந்து கழுதைப்புலிகளை உள்ளே விடுகிறான். உடனே என்ன ஆகிறது? மழை நிற்கிறது, புல் கருகுகிறது, இரை ஓடிப்போகிறது. பிறகு உரிமையுள்ள வாரிசு திரும்பி வந்ததும் மழை கொட்டுகிறது. செங்கோல் கோணினால் மழை பொய்க்கும் என்று நம்ம பழைய இலக்கியமும் சொன்னதுதான். ஆனால் இங்கே கோணிய செங்கோலோடு கழுதைப்புலியின் காலடியையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வெளியே கிடந்தவன் உள்ளே வந்தால் நிலம் பாழாகும் என்பதுதான் பிள்ளையின் மனசில் தங்குகிற பாடம்.

இந்தப் பாடத்தை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். இடஒதுக்கீட்டில் பரீட்சை எழுதி வங்கி வேலைக்கு வந்தவன் நான். "கோட்டாவுல வந்தவங்களாலதான் பேங்க்கெல்லாம் இப்படி ஆயிப்போச்சு" என்று டீ குடிக்கிற இடத்தில், என் காதில் விழட்டும் என்றே, பேசினார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து எடுத்துவிட்ட வாராக்கடன் 10 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று 2022 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது தள்ளுபடியல்ல, வசூல் தொடரும் என்பார்கள். அந்த வித்தியாசம் குமாஸ்தாவான எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெருங்கடன்களை எந்தச் சேரிக்காரன் வாங்கினான்? காப்பித் தோட்டத்துக் கூலிப் பெண் ஐம்பதாயிரம் கேட்டால் ஆயிரம் காகிதம் கேட்கிறோம். நிலத்தைக் காயவைத்தது யார் என்பதைக் கதை சொல்லவில்லை, பேரேடு சொல்கிறது.

கழுதைப்புலியைப் பற்றிய கதையே பொய். டச்சு விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1960களில் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் ஙொரொங்கோரோவிலும் அவற்றின் பின்னாலேயே இரவிரவாகத் திரிந்தார். ஙொரொங்கோரோவில் புள்ளிக் கழுதைப்புலிகள் தாங்கள் தின்பதில் பெரும்பங்கைத் தாங்களே வேட்டையாடுகின்றன. அவை கொன்றதைப் பிடுங்கித் தின்பது பல சமயம் சிங்கம்தான் என்று கண்டார். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை பெண் கழுதைப்புலி. உழைத்தவன் திருடன், பிடுங்கியவன் ராஜா. இதுவும் நாம் அறியாததல்ல.

இன்னொன்று உண்டு, அது கார்ட்டூனல்ல. 2016 ஜூலை 11. குஜராத்தில் ஊனா பக்கம் மோட்டா சமாதியாலா கிராமம். செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைப் பசுவைக் கொன்றார்கள் என்று சொல்லி அடித்து, வண்டியில் கட்டி, ஊனா நகரத் தெருவில் வைத்து மறுபடியும் அடித்தார்கள். ஆசியச் சிங்கம் மிஞ்சியிருக்கும் கிர் காடு உள்ள வட்டாரம் அது. அந்த மாட்டைக் கொன்றது ஒரு சிங்கம் என்று பிறகு விசாரணையில் வெளிவந்தது. சிங்கம் கொன்றது, நம்மவன் முதுகு கிழிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுரேந்திரநகரில் செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தின் முன் போட்டுவிட்டு, இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் தலித்துகள். எலும்புக்காட்டிலிருந்து வந்த பதில் அது. எந்தக் கேமிலும் இல்லாத கட்டம்.

படத்தில் வரும் ஒரு பாட்டுக்கும் இதே தலைவிதி. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். உரிமையைச் சொற்பக் காசுக்குக் கொடுத்துவிட்டு 1962இல் ஏழையாகவே செத்தார். அந்தப் பாட்டு உருமாறி உலகம் சுற்றி, டிஸ்னி படத்துக்குள்ளும் வந்தது. அவர் குடும்பம் 2004இல் வழக்குப் போட்ட பிறகு 2006இல் சமரசம் ஆனது. சிங்கத்தைப் பாடியவன் பசியில், சிங்கத்தை விற்றவன் செழிப்பில்.

இதில் நமக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கீழே சமவெளியில் திருவிழா, கல்யாணம் என்று எந்த பிளெக்ஸ் பேனரைப் பார்த்தாலும் சிங்கம் வாய் திறந்து நிற்கிறது. 'ஆண்ட பரம்பரை' என்று கீழே எழுத்து. இதைப் பார்த்து நம்ம இளைஞர்களும் 'நாங்களும் ஆண்டவங்கதான்' என்று கிளம்புகிறார்கள். வேண்டாம் தோழர்களே. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றியபோது சிறுத்தையைத்தான் எடுத்தார்கள், சிங்கத்தை எடுக்கவில்லை. சிறுத்தைக்கு எந்தக் கதையிலும் சிம்மாசனம் கிடையாது. நமக்கு வேண்டியது சிங்கத்தின் இடமல்ல. வெளிச்சம் படும் நிலம், படாத நிலம் என்ற கோட்டை அழிப்பதுதான் அம்பேத்கர் நமக்குக் கொடுத்த வேலை.

டிஸ்னிக்காரர்களுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 2024இல் வந்த 'முஃபாசா' படத்தில் அந்த அப்பா சிங்கமே ராஜ வம்சமல்ல, அனாதைக் குட்டி என்று கதையைத் திருப்பினார்கள். இயக்கியவர் கறுப்பின இயக்குநர் பாரி ஜென்கின்ஸ். ஒரு படி முன்னேற்றம்தான். ஆனாலும் முடிவில் ஒரு ராஜா வேண்டியிருக்கிறது. கழுதைப்புலிக்கு இன்னும் பட்டா கிடைக்கவில்லை.

கேமைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமிருந்து சந்தோஷத்தைப் பிடுங்குகிற வேலையை எத்தனையோ பேர் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு நாமும் சேரவேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். யார் குனிகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒன்று செய்யலாம். அரசு கொடுத்த லேப்டாப் நம் வீடுகளில் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் உருவான ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையே சின்ன கேம் செய்துவிடலாம். ராத்திரிப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் இதையும் பாடத்தில் சேர்க்கவேண்டும்.

காட்டெருமை எந்த வளைவில் நிற்கும் என்று பெரும்பாறைப் பிள்ளைக்குத் தெரியும். தேன் எந்தப் பாறையில் இருக்கும் என்று பளியர் பிள்ளைக்குத் தெரியும். மூட்டை நிறுக்கிற இடத்தில் முள் எப்படி ஏமாற்றும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதைவிடப் பெரிய கேம் லாஸ் வேகாஸில் கிடையாது. அதில் யாரும் யாருக்கும் குனிய வேண்டாம். கழுதைப்புலியாக ஆடவும் ஒரு பொத்தான் இருக்கட்டும்.