நட்சத்திரம் போட்ட கட்டம்

வங்கியில் என் கவுண்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை நின்றாள். உடுமலைக்குப் பக்கத்துக் காலனி. கல்லூரியில் முதல் வருஷம். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். அப்பா தேங்காய் உரிக்கப் போகிறவர்.

"உதவித்தொகைக்குப் பதிஞ்சா தப்பு தப்புன்னே வருதுங்க சார். மூணு வாட்டி பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டேன். பேங்குல போய்க் கேளுன்னுட்டாங்க."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் கோளாறு இல்லை. கோளாறு பெயரில். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம். இரண்டாவதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. பிள்ளைக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அப்பா பெயரை முழுசாக எழுதியிருக்கிறாள். ஆதாரில் இனிஷியல் மட்டும். பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. எது பொருந்தவில்லை, என்ன செய்தால் பொருந்தும்? பதில் இல்லை. அதுவரை எழுதியதெல்லாம் அழிந்துபோனது.

அந்தக் கட்டத்தில் யார் சவுகரியமாக உட்காருவார்கள்? சர்மா உட்காருவார், பட்டேல் உட்காருவார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்ட நாடு இது. வெட்டின இடத்தில் நட்சத்திரம் போட்டு மறுபடி கேட்கிறது கம்ப்யூட்டர். நம்ம சனத்துக்கோ வெட்டுவதற்குக்கூடப் பட்டம் இருந்ததில்லை. இருந்த ஒற்றைப் பெயரையும் 'டேய்' போட்டுச் சிதைத்துக் கூப்பிட்ட ஊர்.

இதை வைத்து இணையதளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாதிச் சான்றிதழுக்காக எங்கப்பன் ஓர் அதிகாரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்தவன் நான். திரைக்கு முன்னால் யாரும் கைகட்ட வேண்டாம். 'நீ எந்தத் தெருடா?' என்று அது கேட்காது. அந்த விடுதலை நமக்கு வேண்டும். ஆனால் வாசற்படியை யாருடைய காலை அளந்து கட்டினார்கள்? அதுதான் கேள்வி.

2021 நினைவிருக்கிறதா? 18 முதல் 44 வயதுக்காரர்கள் தடுப்பூசிக்கு கோவின் தளத்தில் பதிய வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில் திறந்தார்கள். தளம் ஆங்கிலத்தில். உச்சநீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, ஜூனில்தான் மற்ற இந்திய மொழிகள் வந்து சேர்ந்தன. அதற்குள் யார் விரல் முந்தியிருக்கும்? டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே குவளை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

விதிக்குப் பஞ்சமில்லை தோழர்களே. 2008-ல் வெளியான உலக இணைய அணுகல் நெறிமுறை, தப்பு என்றால் எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்று எழுத்தில் சொல்லச் சொல்கிறது. நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 விநாடியாவது கொடுக்கச் சொல்கிறது. இந்திய அரசும் தன் தளங்களுக்கு 2009-ல் வழிகாட்டி போட்டது. 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பு. என் தொழிலைத் தொட்ட வழக்கு ஒன்றும் உண்டு. கண் சிமிட்டிக் காட்டினால்தான் வாடிக்கையாளரை அடையாளம் ஏற்கும் முறையை எதிர்த்து, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் போனார்கள். டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அப்புறம் ஏன் அந்த நட்சத்திரம்? கட்டினவன் தன்னைப்போல ஒருத்தனை மனசில் வைத்துக் கட்டினான். ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். ஐந்தே பேர்! அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. குளிரூட்டிய அறையில் பெரிய திரையோடு இருக்கிறவர்களா? ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து, கீறல் விழுந்த செல்போனோடு வருகிற ஐந்து பிள்ளைகளா?

அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் இருந்த 1944-ல் தொடங்கிய உதவித்தொகை இது. ஒரு கட்டத்தில் சிக்கிச் சாக விடலாமா?

கேட்க வேண்டியது கொஞ்சம்தான். பெயருக்கு ஒரே கட்டம். முதலில் தமிழ். பாதியில் விட்டாலும் எழுதினது அழியக்கூடாது. முடியாதவர்களுக்குக் காகித மனு. தளம் திறக்குமுன் விடுதிப் பிள்ளைகள் ஐந்து பேர் பதிந்து காட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் படித்த தோழர்கள் நம்மிடம் இருக்கிறீர்கள். தப்பு காட்டுகிற திரையைத் தேதியோடு படம் பிடியுங்கள். யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை ஆதாரைத் திருத்திக்கொண்டு கடைசித் தேதிக்கு முந்தின நாள் பதிந்தாள். அப்பனுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. திருந்த வேண்டியது அவள் பெயரா, அந்தத் தளமா?