கண் மஞ்சளானால் காத்திருக்கலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் கீழாநெல்லியைத் தெரியாத வீடு இல்லை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் செடி அது. பிள்ளையின் கண் மஞ்சளாகத் தெரிந்ததும் பாட்டி அதைப் பிடுங்கி வருவாள். அரைத்து மோரில் கலந்து கொடுப்பாள். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். பச்சிலைக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

இது எப்போதும் நடக்குமா? நடக்காது.

மஞ்சள் காமாலை என்பது தனி நோய் அல்ல. அது ஓர் அடையாளம். பழைய ரத்த அணுக்கள் அழியும்போது மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டாகிறது. அதைப் பித்தநீரில் சேர்த்து வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. வலது விலாவுக்கு அடியில் சுமார் ஒன்றரை கிலோ எடையுடன் இருக்கும் உறுப்பு அது. ஈரல் சோர்ந்தால் அந்த மஞ்சள் ரத்தத்திலேயே தங்கிவிடும். முதலில் கண்ணில் தெரியும்.

கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். மருந்து தின்றாலும் தீரும், தின்னாவிட்டாலும் தீரும். ஆனால் ரத்தத்தின் மூலம் பரவும் 'பி' வகைக் காமாலை பலருக்கு ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கி ஈரலை அரிக்கும். சாராயத்தால் கெட்ட ஈரலும், பித்தக் குழாயில் கல் அடைத்ததும் அதே மஞ்சளைத்தான் காட்டும். எது எந்த வகை என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

கீழாநெல்லியை நாம் குறை கூறவில்லை. 'பி' வகைக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளும்பெர்க், நம் சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988-ல் வந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே செடியை நம்பி டாக்டரை விட்டுவிடுவது சரியல்ல. சில ஊர்களில் கையில் சூடு போடுகிறார்களே, அது கொடுமை. புண்தான் மிச்சம்.

விடியுமுன் ஜீப் ஏறி மேட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சிறுநீர் கடுங்காப்பி போல் இறங்குகிறதா? சோற்றைக் கண்டாலே குமட்டுகிறதா? மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கிறதா? அடுத்த வாரம் வரை பொறுக்காதீர்கள். கம்பம், உத்தமபாளையம், போடி எல்லா இடத்திலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

வயிறு வீங்கினாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார் போல் கறுத்தாலும், நோயாளி பகலெல்லாம் தூங்கிப் பேச்சுத் தடுமாறினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேனிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் நடுவே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நேரே அங்கே கொண்டு போங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றே காட்ட வேண்டும். தண்ணீரால் வரும் 'ஈ' வகைக் காமாலை அவர்கள் உயிருக்கே உலை வைக்கும்.

ஈரலைக் காப்பது பெரிய வித்தை அல்ல. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். சாராயம் வேண்டாம். தொந்தி போடவிடாதீர்கள், குடிக்காதவர் ஈரலிலும் கொழுப்பு படியும். காய்ச்சல் மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்காதீர்கள். தோட்டத்தில் மருந்தடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் 'பி' வகைக்கான தடுப்பூசி போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பிறகு 6, 10, 14-வது வாரங்களிலும் உண்டு. தடுப்பூசி அட்டையை எடுத்து, அந்தத் தேதிகள் எழுதியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.