தனிமமும் சேர்மமும் தமிழ் மாணவரும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்குச் சாலை பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. அவ்வூரை நடுவாக வைத்துச் சுற்றுப்புறத்தை நோக்கின், பொருள்களின் அடிப்படைப் பாகுபாட்டைக் கண்ணாரக் காணலாம். மரக்காணத்து உப்பளங்களில், கடல்நீர் என்னும் கலவையிலிருந்து வெயில் நீரை ஆவியாக்கி உப்பைப் பிரித்துத் தருகிறது. அவ்வுப்போ சோடியமும் குளோரினும் கூடிய சேர்மம். நீர்பட்டால் சீறும் உலோகமும் மூச்சடைக்கும் நச்சு வளியும் தத்தம் இயல்பிழந்து, நம் உணவுத் தட்டில் சுவையாகின்றன. முண்டியம்பாக்கம் ஆலையின் சர்க்கரை, கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்று தனிமங்கள் மாறா விகிதத்தில் சேர்ந்தது. திருவக்கரையிலோ, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரங்களின் உடற்பொருளைச் சிலிக்கா மெல்ல மெல்ல இடம்பெயர்த்துவிட்டது. உருவம் மரம், பொருள் கல். மக்கள் அதனைக் 'கல்மரம்' என்றே வழங்குகின்றனர். இரண்டே சொற்களில் செய்தி முழுவதும் அடங்கிவிட்டது.

இப்பகுதியிலிருந்து பேருந்தேறி வந்து நம்மிடம் பயிலும் மாணவருள் பலர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் அறிவியல் கற்றவர்கள். அவர்களுள் ஒருவர், வேதியியலை விட்டு வேறு பாடத்திற்கு மாற விரும்புவதாக நம்மிடம் வந்து வருந்தினார். வகுப்பில் 'காம்பவுண்டு' பற்றி வினவியபோது வாய்திறக்க இயலவில்லை என்றார். சேர்மத்திற்கும் கலவைக்கும் வேறுபாடு யாது என நாம் கேட்டோம். கலவையில் பொருள்களை எந்த அளவிலும் கலக்கலாம், அவை தம் இயல்போடு இருக்கும், வடிகட்டியோ காய்ச்சியோ பிரிக்கலாம். சேர்மத்தில் அளவு மாறாது, இயல்பு மாறிவிடும், வேதிவினையால் அன்றிப் பிரியாது என்று தயங்காது விடையிறுத்தார். அவரிடம் இருந்தது அறியாமை அன்று. அறிந்த பொருளுக்குப் பெயர் மாறியது. பாலம் இடுவார் இல்லை. இத்தகைய மாணவரை இழப்பது கல்விக்கும் சமுதாயத்திற்கும் இழப்பன்றோ?

இதற்குத் தீர்வு கூறுவோர் இரு சாராராய் நிற்கின்றனர். ஆங்கிலச் சொற்களே போதும், தமிழ்க் கலைச்சொற்கள் வீண்சுமை என்பர் ஒரு சாரார். ஒரு பிறமொழிச் சொல்லும் ஆகாது, தனிமங்களின் பெயர்கள் யாவற்றையும் தமிழாக்குதல் வேண்டும் என்பர் மறுசாரார். இரு சாராரும் பெயர்களின் வகையைப் பகுத்து நோக்கவில்லை என்பது நம் கருத்து.

பெயர்கள் இடுகுறி எனவும் காரணம் எனவும் இருவகைப்படும் என்பதை நன்னூல் பயின்றோர் அறிவர். தனிமம், சேர்மம், கலவை என்பன வகைப்பெயர்கள். தனித்து நிற்பது தனிமம்; சேர்ந்து ஆவது சேர்மம்; கலந்து கிடப்பது கலவை. பெயரே இலக்கணம் சொல்லும் காரணப்பெயர்கள் இவை. 'எலிமெண்ட்' என்னும் சொல் தமிழ் மாணவருக்கு எதனையும் உணர்த்தாது. தனிமம் என்னும் சொல் பாதிப் பாடத்தை நடத்திவிடும். உலோகங்களையும் அலோகங்களையும் ஒருபுடை ஒத்த சிலிக்கான், ஜெர்மானியம் முதலியவற்றை 'உலோகப்போலி' என்கிறோம். ஈண்டுப் போலி என்பது பொய் அன்று. ஒத்து நிற்பது என்பதாம். முதற்போலி, கடைப்போலி கற்ற மாணவருக்கு இச்சொல் புதிதன்று.

தனிமங்களின் தனிப்பெயர்கள் அவ்வாறல்ல. இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. அவற்றுள் ஊர்ப்பெயர் பெற்றன சில. அறிஞர் பெயர் பெற்றன சில. கியூரியத்தையும் ஐன்ஸ்டீனியத்தையும் மொழிபெயர்ப்பதற்கு ஏது? காரணம் பற்றி இட்ட பெயர்களும் எப்போதும் நம்பத்தக்கன அல்ல. ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலத்தைத் தோற்றுவிப்பது' என்பது பொருள். எல்லா அமிலங்களிலும் அவ்வளி உண்டு எனக் கருதி இலவாசியே இப்பெயரை இட்டார். உப்பை அமிலமாக்கினால் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை எனப் பின்னர் டேவி நிறுவினார். 1789இல் இலவாசியே வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன. அறிவு வளர வளரப் பட்டியல் திருந்தியது. பெயர் மட்டும் நின்றது. இத்தகைய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அவர்தம் பிழையையும் சேர்த்தே பெயர்த்தவராவோம். ஒலியளவில் ஏற்றால் அது நமக்கு இடுகுறி, பிழை தொடராது.

கடன் கொள்வது இழிவும் அன்று. 1869இல் தனிம வரிசையை அமைத்த மெண்டலீவ், தாம் எதிர்பார்த்த, அன்று காணப்படாத தனிமங்களுக்கு 'ஏக' என்னும் வடசொல்லை முன்னிட்டுப் பெயர் வழங்கினார். ஏக அலுமினியம் என அவர் குறித்தது 1875இல் காலியமாகக் கண்டறியப்பெற்றது. 'அல்கலி' என்னும் சொல்லோ அரபு மொழி ஈந்தது. செடிச் சாம்பலைக் குறித்த அச்சொல் இன்று உலகெங்கும் வேதியியற் கூடங்களில் ஒலிக்கிறது. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தொடு பொருந்த ஏற்கும் முறையைத் தொல்காப்பியர் எச்சவியலில் அன்றே வகுத்துவிட்டார்.

இம்முறைக்கு நம் சமுதாயமே தக்க சான்று. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், இறைவன் என நெறியின் அடிப்படைச் சொற்களைத் தமிழில் அமைத்துக்கொண்டோம். ரமலான், முஹர்ரம் முதலிய மாதப் பெயர்களையும் மாந்தர் பெயர்களையும் அரபிலிருந்து அவ்வாறே ஏற்றோம். இதனால் மார்க்கமும் குன்றவில்லை, தமிழும் குன்றவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இவ்விணைப்பின் உயர்ந்த சான்று. நெறிக்குப் பொருந்தியது அறிவியலுக்குப் பொருந்தாதோ?

இத்துறையில் முன்னோர் உழைப்பும் சிறிதன்று. யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் பயிற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீன், 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலைத் தந்தார். இன்றும் இலங்கையில் தனிமத்தை மூலகம் என்றும், சேர்மத்தைச் சேர்வை என்றும் தமிழ் மாணவர் பயில்கின்றனர். சொல் வேறாயினும் வகைப்பெயர் அங்கும் பொருள் விளங்க நிற்கிறது. தமிழகத்தில் யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராய் விளங்கிய மணவை முஸ்தபா, 2017இல் மறையும் வரை, கலைச்சொல்லாக்கத்தையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவர் நம் சமுதாயத்தவர் எனப் பெருமை கொள்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாண்டு அறிவியல் மாணவர் ஒவ்வொருவர்க்கும், தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே அமைந்த சிறு கையேடு ஒன்று, வகுப்பு தொடங்கும் நாளிலேயே வழங்கப்பெறல் வேண்டும். அதனைத் தமிழ்த்துறையும் வேதியியல்துறையும் கூடி அமைத்தல் வேண்டும். சொல்லின் காரணத்தை நாம் விளக்க, பொருளின் இயல்பை அவர்கள் விளக்கட்டும். அச்சுச் செலவை ஏற்கச் சமுதாயப் பெரியோர் முன்வரல் வேண்டும். ஆங்கிலத்தை அகற்றுக என்று நாம் கூறவில்லை. மேற்படிப்பிற்கும் பணிக்கும் அது தேவை. ஆயின் மாணவர் ஏறிவந்த ஏணியை முதல்நாளே எடுத்துவிட்டு, மேல்தளத்திற்கு ஏறி வருக என்பது முறையன்று.

அம்மாணவர் வேதியியலை விடவில்லை. பருவம் முழுதும், குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் மறுபக்கத்தில் ஆங்கிலச் சொல்லுமாகத் தாமே எழுதிப் பயின்றார். ஒருவர் தனித்துச் செய்ததை நாம் சேர்ந்து செய்தால், எத்தனையோ மாணவர் வாய்திறப்பர். இறைவன் நாடின், வரும் கல்வியாண்டிலேயே அப்பணி தொடங்குக.