மாஷா அல்லாஹ் சொல்ல முன்னம்

கோபிப்பவர்கள் கோபிக்கட்டும், சொல்லத்தான் வேணும்.

ஊரில் ஒருத்தர் பழைய டிஸ்கவரி 3 எடுத்துப் படம் போட்டால் வரிசையாக "மாஷா அல்லாஹ்". "பிராடோவை விட மலிவு, சொகுசு கூட" என்று புரோக்கர் சொல்வது பொய்யில்லை. ஏன் மலிவு என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

2004இல் வந்த மொடல் அது. காற்று சஸ்பென்ஷன் உள்ளதில் ரப்பர் பை வெடிப்பு விழுந்து காற்றுக் கசியும். அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கொம்ப்ரசரும் எரியும். விடிந்து பார்த்தால் ஜீப் மாடு மாதிரி ஒருபக்கம் படுத்திருக்கும். 2.7 டீசல் இஞ்சினில் முன்னுக்கு ஒரு டைமிங் பெல்ட், பின்னுக்கு டீசல் பம்புக்கு இன்னொன்று. டர்போ போனால் பல கராஜ்களில் பொடியையே சேஸியிலிருந்து தூக்கித்தான் வேலை. கிராங் ஷாப்ட் உடைந்தால் இஞ்சினே முடிந்தது. பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தாலும் அதுவும் யாரோ கழற்றிய பழசுதான். ஜீப்புக்குக் கொடுத்தது பழைய விலை. புதுச் சாமானுக்குக் கேட்பது லேண்ட் ரோவர் விலை.

அதையும் லீசிங்கில் எடுக்கிறார்கள். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து அதற்கும் லைக் போடுகிறோம். ஜீப் கராஜில் கிடந்தாலும் தவணை நிற்காது. கடைசியில் போவது வீட்டுப் பெண்களின் காப்பு, பிள்ளையின் டியூஷன் காசு.

அடுத்த படம் வந்தால் கொமன்டில் இதைக் கேளுங்கள்: கொம்ப்ரசர் எப்ப மாத்தினது? ரெண்டு பெல்ட்டும் மாத்தின பில் இருக்கா?