சோலார் வீட்டின் எர்த்தை யார் சோதிப்பது?

தோப்பு வீடு, மலையடிவாரக் குடியிருப்பு, ஊருக்கு ஒதுங்கிய பண்ணை வீடு என மின்வாரியக் கம்பி எட்டாத இடங்களில் சோலார் பலகையும் பேட்டரியும் இன்வெர்ட்டருமே குடும்பத்துக்கு வெளிச்சம் தருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வாரிய இணைப்பு கேட்பவரிடம் ஒயரிங் சோதனை அறிக்கை கேட்கப்படுகிறது. சோலாரை மட்டும் நம்பும் வீட்டுக்கு விண்ணப்பமே கிடையாது. பிறகு அறிக்கை ஏது? லைட் எரிந்தால் வேலை முடிந்தது. இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டும்.

எர்த் என்றால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாயை இறக்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். குழாய் மட்டும் உயிரைக் காக்காது. வாரிய மின்சாரத்தில் நியூட்ரல், டிரான்ஸ்பார்மரிலேயே மண்ணோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. தனித்து ஓடும் இன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு அந்த இணைப்பை நாம்தான் ஏற்படுத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டு கம்பியும் மண்ணோடு தொடர்பின்றி மிதக்கும். டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரு துளையிலும் மங்கலாக எரிவதும் உண்டு. அந்த நிலையில் ஃபிரிட்ஜ் உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது இன்வெர்ட்டருக்குத் திரும்ப வழியில்லை, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. அசையாது. மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் விழும் எம்.சி.பி.யை நம்பவும் முடியாது. ஒரு கிலோவாட் இன்வெர்ட்டர் தொடர்ந்து தருவது நாலேகால் ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யை விழவைக்கும் தெம்பு அதற்கு ஏது?

'மிதந்தால் ஷாக் அடிக்காதே' என்று சில ஒயர்மேன்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே ஒரு மின்விசிறி ஓட்டும் சிறு இன்வெர்ட்டருக்கு அது பொருந்தும். வீடு முழுக்க ஒயரிங் ஓடும்போது, ஒரு கம்பி எங்கோ மண்ணைத் தொட்டாலும் யாருக்கும் தெரியாது. அதன்பிறகு மற்றக் கம்பியைத் தொடுகிறவருக்கு முழு 230 வோல்ட்.

இதைப் படித்துவிட்டு யாரும் நியூட்ரலையும் எர்த்தையும் தாமே முறுக்கிவிட வேண்டாம். விலை குறைந்த சில இன்வெர்ட்டர்களில் இரு கம்பியிலும் பாதிப் பாதி வோல்ட் இருக்கும். எர்த்தைச் சேர்த்தால் கருவி கருகும். வேறு சிலவற்றில் இணைப்பு உள்ளேயே இருக்கும். வெளியிலும் ஒன்று போட்டால் நியூட்ரலில் போக வேண்டிய மின்சாரம் எர்த் கம்பியிலும் ஓடும். இணைப்பு ஒரே இடத்தில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டைப் படித்துச் செய்ய வேண்டிய வேலை இது. கூரைமேல் பலகைச் சட்டத்துக்கும் எர்த் வேண்டும் என்பது தனி.

எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3043, 2018-இல் புதுப்பிக்கப்பட்டது. விதிக்குப் பஞ்சமில்லை, கேட்க ஆள்தான் இல்லை. நியூட்ரல்-எர்த் இணைப்பு எங்கே இருக்கிறது, எர்த் எத்தனை ஓம், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சோதனையில் விழுந்ததா என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதை, பொருத்துபவரின் கடமையாகத் தமிழக அரசு ஆக்க வேண்டும். மின் ஆய்வுத் துறை சில வீடுகளையாவது நேரில் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் விலை ஒரு பேட்டரி விலையில் சிறு பங்குதான்; செலவைக் காரணம் காட்ட இடமில்லை. அரசுப் பணத்தில் அமைக்கப்படும் சோலார் வீடுகளிலிருந்து இதைத் தொடங்கலாம்: சான்று வந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை.