நிறம் வெளுத்தால் மருந்து ஆகிவிடாது

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். அலையாத்திக் காய்களின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறன், எங்கள் முதுகலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் ஆய்வுத் தலைப்பு. காயை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். அந்தச் சாற்றை டி.பி.பி.எச். என்னும் வேதிப்பொருளின் கரைசலில் விட்டால், அடர்ந்த ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள்.

1958-இல் ப்ளாய்ஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்த அருமையான முறை இது. செலவு குறைவு, அரைமணியில் விடை. உப்பிலும் சுடுவெயிலிலும் வாழும் இம்மரங்களில் டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி என்பதால் நிறமும் நன்றாகவே வெளுக்கும். என் கவலை அதற்குப் பிறகு எழுதப்படும் வரியைப் பற்றியது: 'புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்தாகலாம்.' டி.பி.பி.எச். நம் உடலில் இருக்கும் பொருளே இல்லை. அதன் நிறத்தைப் போக்கிய டானின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேருமா, கல்லீரல் அதை என்ன செய்யும் என்பதற்கெல்லாம் சோதனைக்குழாயில் பதில் கிடையாது. உணவுகளின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவுகளைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, அவை மனித உடல்நலத்தில் ஏற்படும் விளைவைக் காட்டுவதில்லை, விற்பனைக்குத் தவறாகப் பயன்படுகின்றன என்று சொல்லி 2012-இல் அப்பட்டியலையே நீக்கியது.

நச்சுச் சோதனையை யாரும் பின்னுக்குத் தள்ளக் கூடாது. அலையாத்திகளோடு சேர்ந்து வளரும் கேரளக் காயலோரத்து ஒதளங்காயின் பருப்பு இதயத்தையே நிறுத்திவிடும்.

பயனுள்ள ஆய்வுக்கு வழி இல்லாமல் இல்லை. சுந்தரவனத்தில் கேவ்ரா என்னும் அலையாத்திப் பழத்தைப் புளிப்புக்காகப் பருப்பிலும் சட்னியிலும் சேர்க்கிறார்கள். மெத்தனாலை விட்டுவிட்டு, அப்படி வேகவைத்த சாற்றைச் சோதிக்கலாமே! அது மக்கள் உண்மையில் உண்ணும் பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சுரபுன்னையில் முருங்கைக்காய் போலத் தொங்குவது, தாய்மரத்திலேயே முளைவிட்டு வளர்ந்த கன்று. மருந்து என்ற பேச்சு பரவி, மாத்திரைக்காக மூட்டை மூட்டையாகப் பறிக்கத் தொடங்கினால், 2004 ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்த காட்டின் அடுத்த தலைமுறையே போய்விடும்.

ஆய்வு வழிகாட்டிகளே, வனத்துறை அனுமதியுடன் கைப்பிடி காய் போதும். முடிவுரையில் அளந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். செய்தியாளர்களே, 'அலையாத்தியில் அருமருந்து' என்று தலைப்பிடும் முன், சோதித்தது குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று கேளுங்கள்.