கையொப்பமிட முடியாத பயனாளிகள்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது எமது முன்னோர் வாக்கு. போட்டது திரும்பி வராது என்று தெரிந்தாலும், எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு எம்மிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தர்மத்துக்காகச் சேர்க்கப்படும் பணத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் ஒரு துறையில் இவ்வாக்கு அடிக்கடி மறக்கப்படுகிறது. கைவிடப்பட்ட காட்டு மிருகங்களை ஆயுள் முழுவதும் பராமரிப்பதற்கெனப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் சரணாலயங்களையே இங்கு குறிப்பிடுகிறோம்.

மற்றத் தர்ம நிறுவனங்களுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒரு கிராமத்துக்குப் பத்துக் கிணறுகள் கட்டித் தருவதாகக் கூறி எட்டு மட்டும் கட்டினால், விடுபட்ட இரண்டு குடும்பங்களும் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேட்கும். பொருளாளர் எவ்வளவு செல்வாக்குள்ளவராயினும் அக்கேள்விக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். பயனாளி பற்றுச்சீட்டில் கையொப்பம் இடுகிறார். பொருள் கிடைக்காவிட்டால் இட மறுக்கிறார். கணக்காய்வாளர் வருவதற்கு முன்னரே ஒரு கணக்காய்வு அங்கு நடந்து விடுகிறது. கூண்டிலுள்ள புலியோ சிம்பன்சியோ கையொப்பம் இடுவதில்லை. அதற்கு வாங்கிய இறைச்சி அதன் வாய்க்குள் சென்றதா என்பதை அது சொல்லப் போவதுமில்லை. பணம் கொடுத்தவரோ ஆயிரம் மைல் தொலைவில் இருக்கிறார். கொடுத்தவருக்குத் தெரியாது, பெற்றவருக்குப் பேச முடியாது என்ற இந்த இடைவெளியிலேதான் ஆபத்து இருக்கிறது.

இது வெறும் கற்பனையல்ல என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் சான்று. டெக்சாஸ் மாநிலத்தில் சன் அன்டோனியோ நகருக்கு அருகே 1978 இல் தொடங்கப்பட்ட பிரைமரிலி பிரைமேட்ஸ் என்னும் நிலையம் குரங்கினங்களுக்குப் புகலிடம் அளித்து வந்தது. 2006 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் தனது ஆய்வுகூடத்தில் இருந்த ஒன்பது சிம்பன்சிகளை அங்கு அனுப்பியது. அவற்றின் இருப்பிடத்துக்கும் ஆயுட்காலப் பராமரிப்புக்குமென மூன்று இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையையும் வழங்கியது. சில மாதங்களுக்குள் இரண்டு சிம்பன்சிகள் இறந்தன. அதே ஆண்டில் மாநிலச் சட்டமா அதிபர் பணப் பரிபாலனம் பற்றியும் பராமரிப்புப் பற்றியும் குற்றச்சாட்டுகளை முன்வைத்து நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் வெளியார் ஒருவரை நிலையத்தின் பொறுப்பாளராக நியமித்தது. 2007 இல் வழக்கு சமரசமாக முடிந்து, நிலையம் புதிய நிர்வாகத்தின் கீழ் தொடர்ந்தது. எனவே யாரையும் குற்றவாளி என்று கூறுவது எமது நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றே: ஆயுட்காலத்துக்கென ஒரே தடவையில் பெறப்படும் பணம், அந்த ஆயுட்காலம் முடியும் வரை எங்கே, எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதை அன்றாடம் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? சிம்பன்சி ஐம்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. நிர்வாக சபைகள் அத்தனை காலம் இருப்பதில்லை.

அதே நகர்ப் பகுதியில் 1983 இல் தொடங்கிய மற்றொரு மிருக அநாதை இல்லம் பணமின்றி 2010 இல் கலைக்கப்பட்டது. அங்கிருந்த புலிகளுக்கும் குரங்குகளுக்கும் வேறு இடம் தேட மற்றச் சரணாலயங்கள் முண்டியடிக்க நேர்ந்தது. கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே 1976 முதல் இயங்கிய வைல்ட்லைஃப் வேஸ்டேஷன் 2017 இன் காட்டுத் தீயாலும் 2019 இன் வெள்ளத்தாலும் சேதமடைந்தது. திருத்த வேலைக்குப் பணமில்லை எனக் கூறி, 2019 ஓகஸ்ட் மாதத்தில் அதன் சபை நிலையத்தை மூட முடிவு செய்தது. நானூறுக்கு மேற்பட்ட மிருகங்களின் பொறுப்பு மாநில அரசின் தலையில் விழுந்தது. அவற்றுள் நாற்பதளவில் இருந்த சிம்பன்சிகளிற் சிலவற்றுக்கு இடம் கிடைக்க ஆண்டுகள் சென்றன. இங்கு இயற்கை அனர்த்தமே உடனடிக் காரணம். ஆனால் காட்டுத் தீ வரக்கூடிய இடத்தில் நானூறு மிருகங்களை வைத்திருப்பவர்களுக்கு அனர்த்தத்துக்கான ஒதுக்கு நிதி ஆடம்பரமன்று. அது உணவைப் போன்றே அவசியமானது.

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் இரக்கத்திலே பிறக்கின்றன. அவர் தம் சொந்த நிலத்தைக் கொடுக்கிறார், இரவு பகல் உழைக்கிறார். பின்னர் நண்பர்களும் உறவினரும் சபை உறுப்பினர்களாகின்றனர். ஸ்தாபகரே முகாமையாளர், அவரே காசோலையில் ஒப்பமிடுபவர், அவரே புதிய மிருகத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்பவர். கேள்வி கேட்பது அவருடைய அன்பைச் சந்தேகிப்பதாகக் கருதப்படுகிறது. அன்பு உண்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அன்பு ஒரு கணக்கேடு அன்று. மேலும், இரக்கமே சில வேளைகளில் கடனாளியாக்கும். இல்லை என்று சொல்ல மனமின்றி ஏற்கப்படும் ஒவ்வொரு மிருகமும் பல ஆண்டுச் செலவுக்கான வாக்குறுதியாகும். அந்த வாக்குறுதி எந்தக் கணக்கிலும் பதியப்படுவதில்லை.

"கணக்காய்வாளருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாத இறைச்சி வாங்கலாமே" என்று சிலர் வாதிடுவர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் வெளியார் பார்க்காத கணக்கில் காணாமற் போவது ஒரு மாத இறைச்சியா ஒரு வருட இறைச்சியா என்பதை எவர் சொல்லக் கூடும்? வேறு சிலர், நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிலையமே நல்ல நிலையம் என்பர். இதுவும் முழு உண்மையன்று. எந்தச் செலவையும் "மிருகப் பராமரிப்பு" என்ற தலைப்பின் கீழ் எழுதிவிடலாம். கணக்கு எழுதுபவருக்கும் மிருக வைத்தியருக்கும் சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பது சிக்கனம் அன்று.

சட்டம் ஓரளவு உதவுகிறது. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தர்ம நிறுவனங்களிற் பெரும்பாலானவை ஆண்டுதோறும் வருமான வரித் திணைக்களத்துக்கு அளிக்கும் அறிக்கையைக் கேட்பவர் எவருக்கும் காட்டவேண்டும். எனினும் அவ்வறிக்கை உணவுக்கு எவ்வளவு செலவானது என்று கூறுமேயன்றி, எத்தனை வாய்கள் உண்டன என்று கூறாது. 2007 இல் உருவான உலக மிருகச் சரணாலயங்களின் சம்மேளனம், பராமரிப்புடன் நிர்வாகத்தையும் நிதியையும் பார்த்தே அங்கீகாரம் வழங்குகிறது. ஆனால் அதில் சேர்வது நிலையங்களின் விருப்பத்தைப் பொறுத்தது.

எமது நாட்டில் உடவளவையில் 1995 முதல் வனஜீவராசிகள் திணைக்களம் நடத்தும் யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் இல்லத்தில், குட்டிகள் வளர்ந்ததும் காட்டில் விடப்படுகின்றன. வந்தவை எத்தனை, விடப்பட்டவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்து வேலையை மதிப்பிட ஒரு வழி அங்குண்டு. ஆயுள் முழுவதும் வைத்திருக்கும் சரணாலயத்தில் அவ்வாறான முடிவு எதுவுமில்லை. ஆகவே அங்கு கண்காணிப்பு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

எமது கருத்தில் நான்கு காரியங்கள் இன்றியமையாதவை. முதலாவதாக, பணக் கணக்கோடு மிருகப் பதிவேடும் வெளியாரால் ஒன்றாகப் பரிசீலிக்கப்பட வேண்டும். வந்தது, பிறந்தது, இறந்தது, மாற்றப்பட்டது யாவும் அதில் இருக்க, தீன் வாங்கிய பற்றுச்சீட்டுகள் அந்த எண்ணிக்கையோடு ஒப்பிடப்பட வேண்டும். இரண்டாவதாக, ஆயுட்காலப் பராமரிப்புக்கெனப் பெற்ற பணம் தனிக் கணக்கில் இடப்பட வேண்டும். இன்றைய பசிக்காக நாளைய பணத்தை எடுக்க ஒருவர் கையொப்பம் போதுமானதாக இருக்கக் கூடாது. மூன்றாவதாக, நிர்வாக சபையில் ஸ்தாபகரின் குடும்பத்தையும் சம்பளப் பட்டியலையும் சாராதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மிருக வைத்தியராகவும் ஒருவர் கணக்கு அறிந்தவராகவும் இருத்தல் நன்று. நான்காவதாக, நிலையம் மூடப்பட்டால் மிருகங்கள் எங்கு செல்லும், அதற்கான பணம் எங்கே என்பது அது திறக்கப்படும் நாளிலேயே எழுதப்பட வேண்டும்.

கொடுப்பவர்களுக்கும் கடமை உண்டு. புலிக்குட்டியின் படத்தைப் பார்த்து மனம் உருகிப் பணம் அனுப்புவதோடு எமது தர்மம் முடிந்துவிடவில்லை. சென்ற ஆண்டின் கணக்கை அனுப்புங்கள், இப்போது எத்தனை மிருகங்கள் உள்ளன என்று எழுதுங்கள் எனக் கேட்பதற்கு ஒரு முத்திரைச் செலவே ஆகும். நல்ல நிலையம் அக்கேள்வியை வரவேற்கும். கோபிக்கும் நிலையத்துக்குப் பணம் அனுப்புமுன் இன்னொரு முறை யோசிக்கலாம். கேட்க வாயில்லாத பயனாளிக்காகக் கேட்க வேண்டியவர்கள், அதன் பெயரால் கொடுத்தவர்களே.